கண்டியில் வாங்கிய இருபத்தெட்டுப் பல்

சிலோனுக்குப் போய்வந்தேன் என்றால் யானை பார்த்தீர்களா, தேயிலை கொண்டுவந்தீர்களா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். யானை பார்க்கவில்லை. தேயிலை கொண்டுவந்தேன், வழியில் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, தாம்பரம் வந்து சேர்வதற்குள் அது பாதி தேநீராகிவிட்டது. நான் போனது வேறு இரண்டு காரியங்களுக்கு. கண்டிக்குப் பக்கத்தில் தோட்டத்துக் கிளார்க்குக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து நிற்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளையே கிடையாது என்று முடிவு கட்டிவிடுவார்களாம். இன்னொரு காரியம், ஒரு பல்சக்கரம். எனக்கு அதுதான் முக்கியம் என்பது அக்காவுக்குக் கடைசிவரை தெரியாது.

பல்சக்கரம் என் மனைவி எஸ்தரின் தம்பி ஞானராஜுக்கு. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தான். ஒரு தொழிற்சாலையில் விளையாட்டு வீரர்களுக்கென்று வருஷம் ஒரு வேலை வைத்திருந்தார்கள். சைக்கிள்காரர்களுக்குப் பந்தயம் வைத்து, முதலில் வருகிறவனை எடுப்பார்கள். தாம்பரத்தில் புறப்பட்டு, கூடுவாஞ்சேரி போய்த் திரும்பி, பல்லாவரம் தாண்டி, கடைசியில் பரங்கிமலை மேட்டில் ஏறி முடிக்க வேண்டும். இரண்டு வருஷமாக ராஜ் மலையடிவாரம்வரை முதலில் வந்தான். மலையில் கடைசியாக வந்தான். அடுத்த பந்தயத்தோடு அவனுக்கு வயது வரம்பு முடிகிறது.

குறை அவன் காலில் இல்லை, வண்டியில். அது ஊருக்குத் திரும்பிப் போன ஒரு ஹாலந்துக்காரர் விட்டுவிட்டுப் போன பந்தய சைக்கிள். ஹாலந்து கால்வாசிக்குமேல் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற நாடு என்று பன்னிரண்டு வருஷமாகப் பூகோளம் சொல்லித்தருகிற எனக்கு, அந்த ஊர் சைக்கிள் மேடு ஏறாது என்று தோன்றாமல் போனது என் வாத்தியார் உத்தியோகத்துக்கே இழுக்கு. பின்சக்கரத்தில் ஐந்து பல்சக்கரங்கள் அடுக்கியிருக்கும். செயினை ஒரு சின்ன இரும்புக் கை தள்ளிவிடும்; பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் மேடு சுலபம். அந்த வண்டியில் பெரியதற்கே இருபத்தொரு பல்தான். அதை வைத்துக்கொண்டு மலை ஏறுவது ஆட்டுக்கல்லைக் காலால் சுற்றுவது மாதிரி. இருபத்தெட்டுப் பல் வேண்டும். சென்னையில் தேடாத கடை இல்லை.

"கண்டி மலை ஊர்தானே அத்தான், அங்கே கிடைக்கும்" என்றான் ராஜ். எஸ்தர் என் பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே ஒரு சக்கரம் வைக்கிற அளவுக்கு இடம் விட்டு அடுக்கினாள்.

முதல் நாள் கடல். வகுப்பில் பாக் ஜலசந்தியைக் கம்பால் எத்தனை தடவை தொட்டுக் காட்டியிருக்கிறேன்! அன்றைக்கு அது என்னைத் திருப்பித் தொட்டது. ராமேசுவரம் கண்ணைவிட்டு மறைவதற்கு முன்பே, காலையில் சாப்பிட்ட நாலு இட்லியும் மீன்களுக்குப் போய்ச் சேர்ந்தன. "ஆழமில்லாத கடல்தான் சார்" என்று ஆறுதல் சொன்னார் பக்கத்தில் நின்ற புகையிலை வியாபாரி. விழுந்து சாவதற்கு அதுவே போதும் என்றேன். அவர் சிரித்தார். எனக்கு உடனே உடம்பு தேறியதுபோல் இருந்தது. யாராவது சிரித்துவிட்டால் எனக்கு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி ஒரு நினைப்பு வரும். இது ஒரு வியாதி.

அந்தக் கரையில் ரயில். எதிர் இருக்கையில் இரண்டு சிங்களப் பெண்கள் என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று வியாபாரியைக் கேட்டேன். "'இந்த ஆள் அனுராதபுரம்வரை தாங்குவாரா, பாவம், வீட்டில் பிள்ளைகள் இருக்குமோ' என்கிறார்கள்" என்றார். சற்று நேரத்தில் அவர்களில் ஒருத்தி ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்து முகர்ந்து பார்க்கச் சொன்னாள். நம் எலெக்ட்ரிக் ரயிலில் ஒருவனுக்கு வாந்தி வந்தால் அவனுக்கு ஜன்னலோரம் கிடைக்கும், கூடவே எட்டுப் பேருடைய திட்டும் கிடைக்கும். எலுமிச்சம்பழம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் அக்கா வீடு. ஆப்பமும், தேங்காய்ச் சம்பலும், அதற்குமேல் ஒரு மீன் குழம்பும். மிளகாய் என்றால் ஆந்திரா என்று நினைத்திருந்தேன். முதல் வாய்க்கே என் காதிலிருந்து புகை வந்தது. "தம்பி அழுகிறான், இத்தனை வருஷம் கழித்து என்னைப் பார்த்ததில்" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை. டீயில் சர்க்கரை போடமாட்டார்கள். ஒரு துண்டு வெல்லத்தை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். தாம்பரத்தில் இதைச் செய்தால் கடைக்காரர் சர்க்கரையை மிச்சம் பிடிக்கிறார் என்பார்கள்.

மூன்றாம் நாள், மணப்பந்தலுக்கு வாழைமரம் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கண்டிக்கு பஸ் ஏறினேன். அந்த பஸ் மேட்டில் ஏறுமுன் கண்டக்டர் எங்களை இறங்கி நடக்கச் சொன்னார். நாங்கள் நடந்தோம், பஸ் வெறுமனே ஏறி மேலே நின்று எங்களுக்காகக் காத்திருந்தது. இந்த மரியாதைக்கு எதற்குக் கட்டணம் என்று கேட்டேன். கண்டக்டருக்குத் தமிழ் தெரியாது. ஒரு சிரிப்பு வீணாகிவிட்டது.

கண்டியில் எங்கு பார்த்தாலும் ஏற்றம் அல்லது இறக்கம். ஆனால் தபால்காரர் சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஏறிப்போனார். சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சந்தைக்குப் பின்னால் சோமபாலா என்றொரு சைக்கிள்காரர். மெலிந்த மனிதர், சிரிக்கவே மாட்டார். அவருக்குத் தமிழ் வராது. பக்கத்துத் தையல் கடைக்காரர், தோட்டத்துத் தமிழர், ஊசியை வாயில் கவ்விக்கொண்டே எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

சோமபாலா ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். எண்ணெய்ப் பிசுக்கோடு பத்துப் பன்னிரண்டு பல்சக்கரங்கள். அதில் ஒன்றை எடுத்து விரலால் பல்லை எண்ணினார். இருபத்தெட்டு. எனக்கு அந்த இடத்திலேயே ஒரு ஸ்தோத்திரப் பாட்டு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் அதைக் கையில் கொடுக்காமல் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"அண்ணே, கவனமாக் கேட்டுக்கச் சொல்றாரு" என்றார் தையல்காரர். "சக்கரம் பெரிசானா செயினும் நீளணும். அதுக்குக் கொஞ்சம் செயின் துண்டும் தாறாராம். அப்புறம், சின்னப் பல்லுல ஓடயில செயின் தொங்கும். பாக்க அசிங்கமா இருக்கும். தொங்கட்டும்னு விட்டுரணுமாம். குறைச்சீங்கன்னா பெரிய பல்லுக்கு எட்டாம இழுத்துக்கிட்டு ஒடையும்."

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். சோமபாலாவுக்கு அது போதவில்லை. என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். வாத்தியாரை நிற்கவைத்து மூன்று தடவை ஒப்பிக்க வைத்துவிட்டுத்தான் சக்கரத்தைத் தந்தார். மூன்றாம் தடவை பாதியில் நான் ஒரு வேடிக்கை சொன்னேன். தையல்காரர் மொழிபெயர்த்தார். சோமபாலா சிரிக்காமல், "இவர் எழுதியதைப் படிப்பாரா என்று கேள்" என்றாராம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. வாழைமரம் மட்டும் வரவில்லை.

திரும்பும் வழியில் துறைமுகச் சுங்கச் சாவடியில் என் வேட்டிகளை உதறினார்கள். சக்கரம் உருண்டு போய் அதிகாரியின் பூட்ஸில் முட்டி நின்றது. "இது என்ன?" "என் மச்சினனின் எதிர்காலம் சார்" என்றேன். உண்மையைச் சொல்லும்போதும் வேடிக்கையாகச் சொன்னால் இதுதான் கதி. இரண்டு மணிநேரம் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, அது தங்கம் இல்லை என்று சுரண்டிப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். தேயிலை இருந்த பெட்டியை மழையில் வைத்ததும் அப்போதுதான்.

தாம்பரம் வந்த மறுநாள், நானும் ராஜும் சக்கரத்தோடு கோவிந்தன் கடைக்குப் போனோம். மார்க்கெட் திருப்பத்தில் ஒரு புங்கமரத்தடிச் சைக்கிள் கடை. என் வண்டிக்கு இரண்டு டயர் தேய்கிற காலமாகக் கோவிந்தன்தான் வைத்தியன். ராஜ் அவனைக் "கோவிந்தண்ணா" என்றுதான் கூப்பிடுவான். இந்தப் பந்தய வண்டியை இலவசமாகத் துடைத்துக் கொடுப்பதைக் கோவிந்தன் ஒரு கௌரவமாக வைத்திருந்தான்.

சிலோன் ரிட்டர்ன் அல்லவா, நான் ஒரு பிரசங்கமே செய்தேன். நோட்டைப் பிரித்து வாசித்தேன். "கோவிந்தா, செயின் தொங்கும். அதில் மட்டும் கையை வைக்காதே."

"சார், நீங்க சொன்னா வெப்பனா? தொங்கிகினே கெடக்கட்டும்."

சொன்னபடியே மாட்டினான். சோமபாலா கொடுத்த துண்டிலிருந்து இரண்டு லிங்க் சேர்த்துச் செயினை நீளமாக்கினான். அன்று சாயங்காலமே ராஜ் பரங்கிமலைக்குப் போனான். நானும் பின்னால் என் வண்டியில் போய், அடிவாரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவன் உட்கார்ந்தபடியே ஏறினான். எழுந்து நிற்கக்கூட இல்லை! மேலே போய்த் திரும்பி, பிரேக்கை விட்டுவிட்டு, கத்திக்கொண்டே இறங்கி வந்தான். "அத்தான், மலையே இல்ல அத்தான்! மலையை யாரோ எடுத்துட்டாங்க!" இருபத்துநாலு வயது ஆம்பிளை என் தோளில் முகத்தை வைத்து அழுததை நடுரோட்டில் ஒரு கூட்டமே பார்த்தது. எஸ்தர் அன்று ராத்திரி ஜெபத்தில் கண்டி சோமபாலாவையும் சேர்த்துக்கொண்டாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள். ராஜ் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்று எஸ்தர் உத்தரவு போட்டுவிட்டாள். டயருக்குக் காற்றுப் பார்க்க அவன் வண்டியை நான் தள்ளிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். தள்ளிக்கொண்டு போனேன் என்பதைவிட ஊர்வலம் விட்டேன் என்பதுதான் சரி. சிலோன் சக்கரத்தை எல்லாரும் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

யாரும் சக்கரத்தைப் பார்க்கவில்லை. நம் ஊரில் சைக்கிளில் செயின் தொங்குவது, வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் ஒருவன் நடந்துபோகிற மாதிரி. பார்த்தவன் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாவிட்டால் பாவம். முதலில் பால்காரர், "சார், செயின் லூஸு." பிறகு ஒரு போலீஸ்காரர், பிறகு பூக்காரம்மா. சர்ச்சிலிருந்து வந்துகொண்டிருந்த எங்கள் தலைமையாசிரியர் குடையால் சுட்டிக்காட்டி, "மிஸ்டர் தேவதாஸ், யுவர் செயின்" என்றார். ஒவ்வொருவருக்கும் கண்டியையும் சோமபாலாவையும் விளக்கினேன். ஒருவரும் நம்பவில்லை. "சிலோன் போய் ஏமாந்துட்டு வந்திருக்காரு வாத்தியாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடவே இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

மற்றவர்களைச் சிரிக்கவைத்தே பிழைத்தவனுக்கு, தன்னைப் பார்த்துச் சிரிப்பது தாங்காது. கோவிந்தன் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கே அந்தச் செயின் ஒரு அசிங்கமாகத்தான் தெரிந்தது.

"கோவிந்தா, அந்த ரெண்டு லிங்க்கை எடுத்துடு."

அவன் கையிலிருந்த பம்பைக் கீழே வைத்தான். "இன்னா சார்? நீங்கதானே கைய வெக்காதேன்னீங்க? நோட்ட வேற படிச்சீங்க."

"நான்தான் சொன்னேன். நான்தான் இப்போ எடுக்கச் சொல்றேன். ரொம்பத் தொங்குது. எல்லாரும் சொல்றாங்க."

"அந்த சிலோன்காரரு ஒடையும்னாரே?"

"அவருக்கு நம்ம வண்டியைத் தெரியுமா? எடுப்பா."

"தம்பியாண்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம் சார்."

"அவன் தூங்குறான். நான் சொல்றேன்ல?"

வாத்தியார் சொல்கிறார். அவன் ஆணியை வைத்துத் தட்டினான். செயின் வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொண்டது. சின்னப் பல்லில் ஓட்டிப் பார்த்தோம், சத்தமே இல்லை. பெரிய பல்லில் ஓட்டிப் பார்க்கவில்லை. திரும்பும்போது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் அந்தத் தெருவில் நடந்ததில்லை. ராஜிடம் சொல்லவில்லை. காலையில் வண்டி சத்தமில்லாமல் ஓடுவதை அவனே கண்டுபிடித்து ஆச்சரியப்படட்டும் என்று விட்டேன்.

பந்தய நாள். நானும் எஸ்தரும் பரங்கிமலையில் முதல் வளைவில் நின்றோம். எஸ்தர் கையில் எலுமிச்சைச் சாறு. ராஜ் முதலில் வந்தான். அடுத்தவன் ஒரு பர்லாங் பின்னால். எங்களைப் பார்த்ததும் ஒரு சிரிப்புச் சிரித்தான். மேடு தொடங்கும் இடத்தில் கையை இறக்கிப் பெரிய பல்லுக்கு மாற்றினான்.

ஒரு சத்தம். கிணற்றில் வாளி அறுந்து விழுகிற மாதிரி. செயினைத் தள்ளிவிடுகிற அந்தச் சின்னக் கை அப்படியே பிய்ந்து பின்சக்கரக் கம்பிகளுக்குள் போய் மாட்டிக்கொண்டது. வண்டி நின்றுவிட்டது, அவன் நிற்கவில்லை, ஹாண்டில்பாருக்கு மேலே போய் விழுந்தான். எழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு, வண்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மலையில் ஓடினான். இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் பழைய வண்டிகளில் எழுந்து நின்று மிதித்து முக்கிக்கொண்டுதான் போனார்கள். உட்கார்ந்தே ஜெயித்திருப்பான். தொழிற்சாலை அதிகாரிகள் நல்லவர்கள்தான். மூன்றாவதாக வந்தவனுக்கும் கை தட்டினார்கள்.

மேலே அவன் செயினை எண்ணிக்கொண்டிருந்தான். "லிங்க் குறையுது அத்தான். யார் எடுத்தா?"

"நேத்து காத்தடிக்கக் கோவிந்தன்கிட்டே விட்டிருந்தேன்" என்றேன்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதைப் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

நேராகக் கடைக்கு வந்தான். நான் பின்னாலேயே ஓடினேன். டீக்கடைக் கூட்டம், ரிக்‌ஷாக்காரர்கள் எல்லாரும் பார்க்க, உடைந்த அந்த இரும்புக் கையைக் கோவிந்தன் முன்னால் வீசினான். "டேய்! உன்னை யாருடா செயினைத் தொடச் சொன்னது?"

டேய் என்றான். கோவிந்தன் அந்த இரும்புத் துண்டைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. பெரிய க்ளாஸில் பதில் தெரிந்த பையன், வாத்தியார் சொல்லட்டும் என்று காத்திருப்பானே, அப்படி. நான் வாயைத் திறக்கவில்லை.

"தொங்கிச்சி தம்பி..." என்றான். "தப்புதான்."

"என் வாழ்க்கையையே முடிச்சுட்டியேடா!" ராஜ் கையை ஓங்கிவிட்டான். இப்போதாவது நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். சொன்னேன்.

"விடு மாப்ளே. கோவிந்தன்கிட்டே எலெக்ட்ரிக் ரயிலைக் கொடுத்திருந்தா, நடுவுல ரெண்டு பெட்டி லூஸா கீதுன்னு கழட்டி வச்சிருப்பான்."

டீக்கடை குலுங்கிவிட்டது. ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ராஜின் ஓங்கிய கை இறங்கியது. அவனுக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. கோவிந்தனும் சிரித்தான். அதுவரை நான் சொன்ன வேடிக்கைகளிலேயே அதுதான் நன்றாக எடுபட்டது.

ராஜ் அந்த மாதமே படப்பையில் ஒரு அரிசி ஆலையில் மூட்டைக்குச் சீட்டு எழுதும் வேலைக்குப் போய்விட்டான். பஸ்ஸில்தான் போனான். வண்டி எங்கள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றது. என் வேடிக்கை மட்டும் நன்றாக ஓடியது. மார்க்கெட்டிலிருந்து ஸ்டேஷன்வரைக்கும், அங்கிருந்து பீச்சுக்குப் போகிற வண்டிகளிலும் போய்விட்டது. கோவிந்தனுக்கு 'ரெண்டு பெட்டி' என்று பேர் வைத்துவிட்டார்கள். எங்கள் காலனிப் பையன்கள் வண்டியைக் கொடுக்கும்போது, "எல்லாம் எண்ணி வச்சிருக்கேன்" என்றார்கள். பிறகு கொடுப்பதையே விட்டார்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் சிலோன் கதை சொல்லச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் நானும் அந்த இடத்தில்தான் முடித்தேன். லிங்க்கை எடுத்தது கோவிந்தன். எடுக்கச் சொன்னவனைப் பற்றி இதுவரை எங்கும் சொன்னதில்லை.

பயணக் கட்டுரை என்று ஆரம்பித்துவிட்டதால் கடைசிப் பயணத்தையும் எழுதிவிடுகிறேன். பந்தயம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும், ஒரு சனிக்கிழமை. மார்க்கெட்டுக்கு இந்தப் பக்கமே என் வண்டி பஞ்சர். நான் நின்ற இடத்திலிருந்து புங்கமரம் தெரிந்தது. அதன் அடியில் கோவிந்தன் சும்மா உட்கார்ந்து ஒரு துணியால் பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் வண்டியைத் திருப்பினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் வெயில். லாரிகள் தூசியை அள்ளி முகத்தில் கொட்டின. வழியில் ஒரு இளநீர். "சைக்கிளை ஓட்டுவாங்க, நீங்க அதுக்கு நடை பழக்குறீங்களா?" என்று கேட்டார் இளநீர்க்காரர். இரண்டரை மைல் தள்ளிக்கொண்டு போய், பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் முன்பின் தெரியாத ஒரு கடையில் விட்டேன்.

டயரைப் பிரித்துக்கொண்டே கடைக்காரர் கேட்டார். "எங்கேர்ந்து சார் தள்ளிகினு வர்றீங்க?"

"தாம்பரம்."

"மார்க்கெட்டாண்ட ஒருத்தன் கீறானே... ஓ, அவன் 'ரெண்டு பெட்டி' இல்ல? தெரியும் சார், தெரியும். உங்களுக்கும் வேலையைக் காட்டிட்டானா?"

"ஆமாம்" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒட்டி முடிக்க அரைமணி ஆயிற்று. திரும்பி வரும்போது வண்டி நன்றாகத்தான் ஓடியது.